மரம் கொத்தப் பெரிய கத்தி வாங்குகிறீர்களா? எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது

வெளியில் முகாம் போடும்போது கிளை தறிக்க, விறகு பிளக்க, பாதையில் விழுந்து கிடக்கும் கட்டையை ஒதுக்க என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து மடங்காத பெரிய கத்தி ஒன்று தேடுகிறவர்கள், பெரும்பாலும் இரும்பின் பெயரில்தான் தேடலை ஆரம்பிக்கிறார்கள். அடுத்தது தடிமன். அதற்கடுத்தது படத்தில் பார்க்க எப்படி இருக்கிறது என்பது. பிடியைப் பற்றிக் கேட்பவர் அரிது, அதுவும் அரை மணி நேரம் கொத்தி சுண்டுவிரல் அடியில் கொப்புளம் வந்த பிறகு. இந்த வரிசை தலைகீழானது. என்ன வேலை, என்ன நீளம், எடை எங்கே நிற்கிறது, வாய் (வெட்டும் விளிம்பு) எப்படிச் சீவப்பட்டிருக்கிறது, பிடி எப்படி என்பதெல்லாம் கத்தி கொத்துமா கொத்தாதா என்பதைத் தீர்மானித்த பிறகு, எத்தனை நாள் கொத்தும் என்பதைச் சொல்வதுதான் இரும்பு. கீழே உள்ள வரிசையிலேயே பாருங்கள். ஒரு கட்டத்தில் தேறாத கத்தியை அங்கேயே விட்டுவிடலாம், மேற்கொண்டு நேரம் செலவழிக்க வேண்டியதில்லை.

தொடங்கும் முன் சில சாமான்கள் வேண்டும்: அளவு நாடா, சின்ன எடைமானி, தடிமனைத் துல்லியமாக அளக்கும் வெர்னியர் காலிப்பர், டார்ச், கறுப்பு மார்க்கர் பேனா. இன்னொன்று, உங்கள் பகுதியில் எவ்வளவு நீளக் கத்தியை எடுத்துச் செல்லலாம், எப்படிக் கட்டி எடுத்துச் செல்ல வேண்டும், போகப்போகும் காட்டில் மரம் வெட்ட அனுமதி உண்டா என்பதை வாங்கும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். வாங்கிய பிறகு தெரிந்தால் கத்தி வீட்டிலேயே கிடக்கும்.

1. இந்த வேலைக்குக் கத்திதான் சரியா?

மணிக்கட்டுத் தடிமன் வரை உள்ள கட்டைக்குப் பெரிய கத்தி நன்றாக உழைக்கும். தொடைத் தடிமன் கட்டைதான் உங்கள் தினசரி வேலை என்றால் ரம்பமோ கோடாலியோ வாங்குங்கள், கத்தியை வைத்துக்கொண்டு போராட வேண்டாம். பச்சைப் புல், கொடி, இளந்தண்டு மட்டும்தான் என்றால் 2 முதல் 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள மஷெட்டி எனும் நீண்ட மெல்லிய வெட்டுக்கத்தி போதும். மெல்லிய அலகு (பிடிக்கு முன்னால் உள்ள இரும்புத் தகடு) வேகமாகச் சுழலும், வளையும் தண்டை வெட்ட அந்த வேகம்தான் தேவை. தடித்த கத்தியால் புல்லை அடித்தால் புல் சாயும், வெட்டுப்படாது.

இரண்டுக்கும் நடுவே இருக்கும் வேலைக்குத்தான் நாம் பேசும் கத்தி: காய்ந்த கட்டை, கணு உள்ள கிளை, கத்தியின் முதுகில் தட்டிப் பிளக்க வேண்டிய விறகு. இந்த மூன்றில் எது அதிகம் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நான்காம் கட்டத்தில் அந்தப் பதில் தேவைப்படும்.

2. நீளமும் எடையும்

அலகு மட்டும் 9 முதல் 10.5 அங்குலம், அதாவது 23 முதல் 27 சென்டிமீட்டர். 7 அங்குலத்துக்குக் கீழே போனால் எவ்வளவு தடித்த கத்தியாக இருந்தாலும் கொத்தும் வேகம் வராது, கை வலிதான் வரும். 12 அங்குலத்தைத் தாண்டினால் நுனியைக் கட்டுப்படுத்துவது புதியவர்களுக்குச் சிரமம், இடுப்பிலும் தொந்தரவு.

உறையில்லாமல் 450 முதல் 650 கிராம் வரை எடை இருக்கலாம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கனம் கூடினால் வெட்டும் கூடும் என்று நினைத்து ஒரு கிலோ கத்தியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கத்தியின் எடை இரண்டு மடங்கானால் அடியின் ஆற்றலும் இரண்டு மடங்கு, ஆனால் வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. கனத்த கத்தியை இருபதாவது வீச்சில் அதே வேகத்தில் வீச முடியாது. அப்போது ஆற்றலும் போச்சு, குறியும் போச்சு. களைத்த கைதான் கட்டையை விட்டுவிட்டு முழங்காலைத் தேடும்.

அளவுக்கு ஒரு பிடிமானம் வேண்டுமானால் இவற்றைப் பாருங்கள்: காபார் பெக்கர் பிகே9 கத்தியின் அலகு 9 அங்குலம், முதுகுத் தடிமன் 3/16 அங்குலம், அதாவது சுமார் 4.8 மில்லிமீட்டர். இஎஸ்இஇ ஜங்லாஸும் ஏறக்குறைய அதே தடிமன்தான், அலகு 10 அங்குலத்துக்குச் சற்று மேல். இவற்றைத்தான் வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை. வேறு எதைப் பார்த்தாலும் இந்த அளவுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

3. எடை எங்கே நிற்கிறது

கத்தியை ஆள்காட்டி விரல் மேல் கிடத்தி, சாயாமல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அது பிடியின் முன்விளிம்பிலிருந்து 3 முதல் 6 சென்டிமீட்டர் முன்னால், அலகின் பக்கம் இருக்க வேண்டும். பிடிக்குள்ளேயே நின்றால் அது சீவுவதற்கான கத்தி, கொத்தும்போது தள்ளுகிற வேலை முழுவதும் உங்கள் மணிக்கட்டின் மேல் விழும். 8 சென்டிமீட்டருக்கு மேல் போனால் கொத்துவதற்கு அருமையாக இருக்கும், ஆனால் குச்சியைக் கூராக்குவது மாதிரி சின்ன வேலை எதற்கும் ஆகாது.

அடுத்து ஒரு சோதனை, கடையிலேயே செய்யலாம். பிடியை இரண்டு விரலால் லேசாகப் பற்றி கத்தியைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, மரக்குச்சியால் முதுகில் நுனியிலிருந்து மேல்நோக்கி இடம் இடமாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் விரலில் ஓர் அதிர்வு வரும். ஓரிடத்தில் மட்டும் அந்த அதிர்வு அநேகமாக அடங்கிப்போகும். கட்டையில் பட வேண்டிய இடம் அதுதான். அது அலகின் முன் மூன்றிலொரு பங்கில் இருந்தால் நல்லது, ஏனென்றால் வேகம் அங்கேதான் அதிகம். கத்தியை வாங்கினால் அந்த இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். புதியவர்கள் பெரும்பாலும் நுனிக்குப் பக்கத்தில் அடித்துவிட்டு, கை விறுவிறுக்கிறது, கத்தி சரியில்லை என்பார்கள். கோடு இருந்தால் அந்தக் குழப்பம் வராது.

4. வாய் எப்படிச் சீவப்பட்டிருக்கிறது

இந்தக் கட்டத்துக்கு மற்ற எதையும் விட அதிக நேரம் கொடுங்கள். கட்டைக்குள் முதலில் நுழைவது முதுகு இல்லை, வாயும் அதற்கு மேலே உள்ள ஒரு சென்டிமீட்டர் இரும்பும்தான். முதுகு 6 மில்லிமீட்டரா 5 மில்லிமீட்டரா என்று விவாதித்துக்கொண்டிருப்பார்கள், வாய்க்கு மேலே அளந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

வாயை உண்டாக்கும் கடைசிக் குறுகிய சரிவு, அதாவது கூர்ச்சரிவு, எங்கே தொடங்குகிறதோ, அந்தக் கோட்டுக்கு நேர் மேலே காலிப்பரை வைத்து அளக்கவும். 0.6 முதல் 1 மில்லிமீட்டர் வரை இருந்தால் கொத்துவதற்குச் சரியான அளவு. 1.3 மில்லிமீட்டரைத் தாண்டினால் அடி விழுந்ததும் கத்தி எகிறும், சிராய் சின்னச் சின்னதாகத் தெறிக்கும், ஆழம் வராது. 0.4 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் பச்சை மரத்தில் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும், காய்ந்த கணுவில் ஒரே அடியில் வாய் மடங்கும், இல்லையென்றால் சில்லு பெயர்ந்து பல் விழும். மூன்று இடத்தில் அளந்து பாருங்கள்: பிடிக்குப் பக்கத்தில், நடுவில், அதிர்வு அடங்கும் இடத்தில். நுனிப்பக்கம் திடீரென்று தடித்துவிடும் கத்திகள் நிறைய. கொத்துவது அங்கேதான் என்பதால் அந்த அளவுதான் முக்கியம்.

அப்புறம் சரிவின் வடிவம். முதுகிலிருந்து வாய் வரை ஒரே தட்டையாக இறங்கும் சரிவு ஆழமாகப் போகும், சீவவும் உதவும். ஆனால் ஈரக் கட்டையில் மாட்டிக்கொள்ளும், ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டியிருக்கும். இரு கன்னமும் லேசாகப் புடைத்த குவிந்த சரிவு சிராயை இரண்டு பக்கமும் தள்ளிவிடும், மாட்டாது, பிளப்பதற்கும் நல்லது. வாய்க்குப் பின்னால் இரும்பு கூடுதலாக இருப்பதால் கணுவையும் தாங்கும். கொத்துவதும் பிளப்பதும்தான் அதிகம் என்று முதல் கட்டத்தில் எழுதியிருந்தால் குவிந்ததை எடுங்கள், கலவையான வேலை என்றால் தட்டையை எடுங்கள். உட்குழிந்த சரிவு வேண்டாம். சவரக்கத்திக்கு அது பொருந்தும், கணுவில் அடிக்க அந்த மெல்லிய வாய் தாங்காது. அலகின் பாதி உயரம் வரை மட்டும் சீவி மேலே முழுத் தடிமனாக விட்ட கத்தி பார்க்கப் பலமாகத் தெரியும், ஆனால் கட்டைக்குள் கொஞ்சம் இறங்கியதும் அந்தத் தோள் இடித்து நிற்கும். 6 மில்லிமீட்டர் முதுகோடு இப்படிப்பட்ட கத்தியை வாங்கியவர்கள்தான் பிற்பாடு பெல்ட் கிரைண்டர் தேடி அலைகிறார்கள்.

கூரின் கோணம் பக்கத்துக்கு 20 முதல் 23 டிகிரி வரை வைத்துக்கொள்ளலாம். தடிமனை மாதிரி இல்லை, இதை வீட்டில் சாணைக்கல்லிலேயே மாற்றிக்கொள்ள முடியும், அதனால் வாங்கும்போது இதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

முதுகில் ரம்பப் பல் வெட்டிய கத்தி எதையும் எடுக்காதீர்கள். அது மரத்தை அறுக்காது. விறகு பிளக்க முதுகில் கட்டையால் தட்டும்போது அந்தப் பற்கள் தட்டும் கட்டையைக் குதறிவிடும். ஒவ்வொரு பல்லின் அடிமூலையும் விரிசல் தொடங்க வசதியான இடமாகவும் அமைந்துவிடும்.

5. இரும்பு, அதைவிட முக்கியமாக அதன் ஹீட் ட்ரீட்மென்ட்

சரி, இப்போது இரும்புக்கு வரலாம். கொத்தும் கத்திக்கு முதலில் வேண்டியது உடையாத தன்மை. நீண்ட நாள் கூர் நிற்பது அதற்கு அடுத்தபடி. 5160 என்பது ஸ்பிரிங் தகடு செய்யும் இரும்பு, அடியைத் தாங்குவதில் கெட்டி. 80சிஆர்வி2 அதற்கு ஈடானது, கூரும் சற்று நன்றாக நிற்கும். 1075, 1095 இரண்டும் எளிய கார்பன் இரும்பு, சாணை பிடிக்க சுலபம், துரு சீக்கிரம் பிடிக்கும். பட்ஜெட் தாராளமாக இருந்தால் சிபிஎம் 3வி பார்க்கலாம், அடியைத் தாங்கவே உருவாக்கிய, உலோகத் தூளை அழுத்திச் செய்யும் பவுடர் இரும்பு அது, ஆனால் சாணை பிடிக்க வைரக்கல் இருந்தால்தான் சௌகரியம். டி2 வேண்டாம். அதில் கார்பைடு எனும் மிகக் கெட்டியான பெரிய துகள்கள் அதிகம், சின்னக் கத்தியில் கூர் நிற்க உதவும் அதே துகள்கள் கொத்தும்போது வாய் உதிரக் காரணமாகும். 440சி மாதிரி கெட்டியான துருப்பிடிக்காத இரும்புகளையும் இந்த அளவுக் கத்தியில் தவிர்ப்பேன்.

பெயர் ஒன்றாக இருந்தாலும் இரண்டு கத்திகள் ஒரே மாதிரி இருக்காது, காரணம் ஹீட் ட்ரீட்மென்ட், அதாவது சூட்டால் பதப்படுத்துவது. இரும்பைச் சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் முக்கி இறுக்கி, பிறகு மிதமான சூட்டில் வைத்து அந்த இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்துகிறார்கள். இந்த இரண்டாவது சூடுதான் கண்ணாடி மாதிரி உடையக்கூடிய இரும்பை அடி தாங்கும் இரும்பாக மாற்றுகிறது. அதனால் விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி 'என்ன இரும்பு?' என்பதோடு நிற்கக் கூடாது, 'ராக்வெல் அளவில் (இரும்பின் கெட்டித்தன்மையின் அளவு) எவ்வளவு?' என்பதும் சேர வேண்டும். சாதாரணக் கார்பன் இரும்புக்கு 55 முதல் 58 வரை சொன்னால் சரி. 60க்கு மேல் என்று பெருமையாகச் சொன்னால் கொத்துவதற்கு அது வேண்டாம். 52க்குக் கீழே என்றால் வாய் மடங்கிக்கொண்டே இருக்கும். பதிலே சொல்ல முடியாதவரிடம் இரும்பின் பெயரை நம்பி வாங்க வேண்டாம்.

கத்தி செய்யும் கொல்லர்களின் சங்கமான அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டி தன் உறுப்பினர்களுக்கு வைக்கும் தேர்வு இதைத்தான் சோதிக்கிறது. தொங்கும் ஓர் அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும், இரண்டுக்கு நான்கு அங்குல அளவுள்ள மரச்சட்டத்தைக் கொத்தி இரண்டு இடத்தில் முழுவதுமாகத் துண்டாக்க வேண்டும், அதன் பிறகும் அதே வாயால் கை முடியைச் சிரைக்க வேண்டும், கடைசியில் கத்தியை வைஸில் (பட்டறைக் கவ்வி) இறுக்கி 90 டிகிரி வளைத்தால் உடையக் கூடாது. தேர்வுக் கத்தியின் அலகு 10 அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்பதும் விதி. சரிவும் ஹீட் ட்ரீட்மென்ட்டும் ஒரே கத்தியில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனால்தான் இது நான்கும் நடக்கும். நீங்கள் உங்கள் கத்தியை வளைத்துப் பார்க்க வேண்டாம், வளைந்தால் அது கெட்டதுதான்.

6. பிடிக்குள் போகும் இரும்பு

அலகின் இரும்பு பிடிக்குள் நீளும் பகுதியை டேங் என்பார்கள். முதல் கத்திக்கு, பிடியின் முழு வடிவத்திலும் இரும்பு தெரியும் ஃபுல் டேங் எடுங்கள். ஒல்லியான டேங் கொண்ட நல்ல கத்திகளும் உண்டு, ஆனால் உள்ளே எவ்வளவு அகலம், எவ்வளவு நீளம் என்று வெளியிலிருந்து பார்க்க வழியில்லை. பிடி குழாய் மாதிரி உள்ளே காலியாக இருந்து தூண்டில், தீப்பெட்டி எல்லாம் வைக்கலாம் என்று விற்பார்கள். அதில் பொதுவாக டேங் பிடிக்குள் கொஞ்ச தூரம்தான் நீளும், கொத்தும்போது அலகு தனியாகப் பறக்கும். தொடவே வேண்டாம்.

ஃபுல் டேங்கிலும் ஒரு இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள்: அலகு முடிந்து பிடி தொடங்கும் உள்மூலை. அந்த மூலை வளைவாக இருக்க வேண்டும். செங்குத்தாக, கூர்மையாக வெட்டியிருந்தால் ஒவ்வோர் அடியின் அதிர்வும் அந்த ஒரு புள்ளியில் குவியும், கத்தி உடைந்தால் அங்கேதான் உடையும்.

7. பிடி

கத்தியை வாங்கிய பிறகு தினமும் திட்டப்போவது இதைத்தான், அதனால் இங்கே அவசரம் வேண்டாம். கையுறை போட்டு வேலை செய்பவர் என்றால் கையுறையோடு பிடித்துப் பாருங்கள். நீளம் குறைந்தது 12.5 சென்டிமீட்டர் இருக்கட்டும், கொத்தும்போது கையைப் பின்னால் நகர்த்திப் பிடிக்க இடம் வேண்டும்.

பிடியின் குறுக்குவெட்டு முட்டை வடிவமாக இருக்க வேண்டும். முழு வட்டமாக இருந்தால் கட்டை கோணலாக இருக்கும்போது கத்தி கைக்குள் சுழன்று வாய் பக்கவாட்டில் விழும். பின்முனையில் சுண்டுவிரல் மாட்ட ஒரு கொக்கி மாதிரிப் புடைப்பு அவசியம். கொத்தும்போது கத்தியை முன்விரல்களால் இறுக்கிப் பிடிப்பதில்லை, கடைசி இரண்டு விரலால் தாங்கி, கட்டையில் படும் நொடியில்தான் இறுக்குகிறோம். அந்தப் புடைப்பு இல்லையென்றால் கை வழுக்காமலிருக்க முழு நேரமும் இறுக்கியே பிடிக்க வேண்டும், பத்து நிமிடத்தில் முன்கை கல்லாகிவிடும். ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனிப் பள்ளம் வெட்டிய பிடி கடையில் கச்சிதமாக உட்காரும். ஆனால் அது வேறு யாரோ ஒருவரின் விரலுக்கு வெட்டியது, கையை நகர்த்தியதும் பள்ளங்களின் நடுமேடு விரலெலும்பில் ஏறும்.

பொருளைப் பொறுத்தவரை மைக்கார்ட்டா (பிசினில் இறுக்கிய துணி அடுக்கு) என் முதல் தேர்வு, ஈரமானாலும் பிடிப்பு விடாது. ரப்பர் அதிர்வைக் குறைக்கும், கையை அதிகம் உராயவும் செய்யும். ஜி10 (பிசினில் இறுக்கிய கண்ணாடி இழை) கெட்டி, ஆனால் அதிர்வு அப்படியே கைக்கு வரும். மரம் நன்றாகத்தான் இருக்கும், மேலே பளபளவென்று வார்னிஷ் பூசியிருந்தால் மட்டும் அதைச் சுரண்டி எண்ணெய் விட்டுக்கொள்ளுங்கள்.

8. உறை

சுருக்கமாக மூன்று சோதனை. கத்தியை உறையில் போட்டுத் தலைகீழாகக் குலுக்குங்கள், விழக் கூடாது. உருவும்போது வாய் உறையின் தையலை உரசக் கூடாது, உரசினால் ஒருநாள் அறுத்துக்கொண்டு விரலுக்கு வரும். உறையைப் பற்றும் கை வாய்ப்பக்கம் சுற்றி வளைக்காமல் கத்தியை உருவ முடிய வேண்டும். தோல் உறை அழகுதான், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் வீட்டில் கத்தியை அதற்குள் வைத்துப் பூட்டாதீர்கள்.

9. கைக்கு வந்ததும் பார்க்க வேண்டியவை

முதுகைக் கண்ணுக்கு நேராக நீட்டிப் பிடித்து, துப்பாக்கி குறிபார்ப்பது போல நுனி வரை பாருங்கள், வளைவு தெரியக் கூடாது. பிறகு வாயை மேல்நோக்கி வைத்து டார்ச் வெளிச்சத்தை மெதுவாக நகர்த்துங்கள். நல்ல கூர் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது, கறுப்பாகத்தான் தெரியும். எங்காவது வெள்ளைப் புள்ளி மின்னினால் அங்கே பல்லோ மழுங்கலோ இருக்கிறது. இரு பக்கச் சரிவும் ஒரே உயரத்தில் தொடங்குகின்றனவா, பிடிக்கும் டேங்குக்கும் நடுவே நகம் நுழையும் இடைவெளி இருக்கிறதா என்றும் பாருங்கள். இதெல்லாம் முதல் கொத்துக்கு முன்பே செய்ய வேண்டும். கொத்திய கத்தியைத் திருப்பி எடுத்துக்கொள்ளக் கடைக்காரர் சம்மதிப்பது அபூர்வம்.

10. முதல் கூர், முதல் கொத்து

தொழிற்சாலைக் கூரை வைத்துக் கத்தியை எடைபோடாதீர்கள். வேகமாக ஓடும் பெல்ட்டில் கூர் ஏற்றும்போது வாயின் மெல்லிய விளிம்பு அளவுக்கு மீறிச் சூடாகி அந்த ஒரு நூலிழை இரும்பு மட்டும் பதம் கெட்டிருக்கலாம். மார்க்கரால் கூர்ச்சரிவில் கறுப்பு பூசி, கல்லில் ஒரு இழுப்பு இழுத்தால் மை எங்கே அழிகிறது என்று தெரியும். மேல்பக்கம் மட்டும் அழிந்தால் கத்தியின் முதுகைச் சற்று உயர்த்துங்கள், வாயோரம் மட்டும் அழிந்தால் தாழ்த்துங்கள். வாயோரம் மடிந்து எழும் பிசிறு இரு பக்கமும் வந்து, அதை நீக்கிய பிறகே கொத்தத் தொடங்குங்கள். வீட்டில் பெஞ்ச் கிரைண்டரில் உலர்வாகப் பிடிக்க வேண்டாம், வாய் நீல நிறமாக மாறினால் அந்த இடத்து இரும்பு மெத்தென்று ஆகிவிட்டது, அதுவரை தேய்த்து எடுக்க வேண்டும்.

கொத்தும்போது மண்டியிட்டு, கட்டையை இன்னொரு கட்டை மேல் வைத்து, குறி தவறினால் கத்தி உங்கள் உடம்புக்கு வராமல் நிலத்துக்குப் போகும்படி அமருங்கள். பக்கத்தில் இருப்பவர் இரண்டு கை நீளத்துக்கு அப்பால் நிற்கட்டும். பிடியில் கட்டியிருக்கும் கயிற்றை மணிக்கட்டில் மாட்டாதீர்கள், கத்தி நழுவினால் ஊஞ்சலாடி உங்கள் மேலேயே திரும்பும். நேராக அடிக்காமல் 45 டிகிரி சாய்வில் இரு பக்கமும் மாற்றி மாற்றி அடித்து, கட்டையின் தடிமனுக்கு ஈடான அகலத்தில் வாய் திறந்துகொள்ளும்படி வெட்டுங்கள். குறுகலாக வெட்டினால் பாதியில் கத்தி மாட்டும்.

முதலில் மெத்தென்ற மரம், பிறகு காய்ந்த கெட்டி மரம், கடைசியில் கணு. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் டார்ச்சில் வாயைப் பாருங்கள். மடங்கியிருந்தால் கோணம் கூர்மை அதிகம் அல்லது இரும்பு மெத்து, பக்கத்துக்கு 2 டிகிரி கூட்டிச் சாணை பிடித்து மறுபடி பாருங்கள். பல் விழுந்திருந்தால் பதம் கெட்ட விளிம்பாக இருக்கலாம், இரண்டு மூன்று முறை கூர் ஏற்றியும் அதே இடத்தில் விழுந்தால் ஹீட் ட்ரீட்மென்ட்டில்தான் கோளாறு, உத்தரவாதத்தைக் கேளுங்கள்.

கொத்தி முடித்த கையோடு உள்ளங்கையைப் பாருங்கள். எங்கே சிவந்திருக்கிறதோ பிடியில் அதற்கு நேரான இடத்தை மட்டும், 120 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 400 வரை, கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துவிட்டு மறுபடி கொத்துங்கள். ரப்பர் பிடியில் இது நடக்காது, மற்ற எல்லாவற்றிலும் ஒரு மாலை நேரத்தில் முடியும் வேலை.